மோமாவில் மூன்று மணி நேரம்: எட்டுப் படங்கள் போதும்

நியூ ஜெர்சியில் மகன் வீட்டுக்கோ மகள் வீட்டுக்கோ வந்து ஆறு மாதம் தங்கும் பெற்றோருக்கு நியூயார்க்கில் என்ன காட்டுவது? சுதந்திர தேவி சிலைக்கு ஒரு நாள், எம்பயர் ஸ்டேட்டுக்கு ஒரு நாள், டைம்ஸ் சதுக்கத்துக்கு ஒரு மாலை. அதற்கப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மழை பிடித்துக்கொள்ளும். யாராவது ஒருவர் ‘மியூசியம் போகலாமே’ என்பார். இந்தக் கட்டுரை அந்த ஞாயிற்றுக்கிழமைக்காக, மோமா என்ற நவீனக் கலை அருங்காட்சியகத்துக்காக. மாடர்ன் ஆர்ட் என்றால் என்னவென்றே தெரியாதவரும் இதை வைத்துக்கொண்டு போய்விட்டு வரலாம்.

முதல் தடவை என் அம்மா அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனபோது நான் செய்தது எல்லாமே தப்பு. ஆளுக்கு இவ்வளவு டாலர் கொடுத்திருக்கிறோம், ஒரு அறைகூட விட்டுப்போகக்கூடாது என்று கீழ்த்தளத்திலிருந்து ஆரம்பித்தேன். ஓவியர் வான்கோவின் படம் இருக்கும் ஐந்தாம் மாடிக்கு வந்து சேர்வதற்குள் அம்மாவுக்குக் கால் வீங்கிவிட்டது. ‘நட்சத்திர இரவு’ முன்னால் அரை நிமிடம் நின்றார். “இதத்தான் காலண்டர்லயே பாத்தாச்சேடா” என்றார்.

அவர் கேட்டது நியாயம்தான். காலண்டரிலும் போனிலும் பார்த்த படத்தை மறுபடி பார்க்க இவ்வளவு தூரம் ஏன் வர வேண்டும்? அதற்கு இப்போது என்னிடம் ஒரு பதில் இருக்கிறது. படத்தில் என்ன இருக்கிறது என்பதைக் காலண்டர் காட்டிவிடும். அது எவ்வளவு பெரியது, வண்ணம் அதன்மேல் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்ற இரண்டை மட்டும் காட்டாது. நேரில் போவது அந்த இரண்டுக்காகத்தான். இதைப் பிடித்துக்கொண்டால் மூன்று மணி நேரத்தில் எட்டுப் படம் பார்த்துவிட்டுக் கால் வலிக்காமல் வீடு திரும்பலாம்.

முந்தைய நாள் வேலை

மோமா என்று எல்லோரும் சொல்வது நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தை. 1929 நவம்பரில், வால் ஸ்ட்ரீட் பங்குச் சந்தை சரிந்த சில நாட்களிலேயே, வாடகை இடத்தில் திறந்தார்கள். முயற்சி எடுத்தவர்கள் ஆபி ராக்ஃபெல்லர், லில்லி பிளிஸ், மேரி சல்லிவன் என்ற மூன்று பெண்கள். முதல் இயக்குநராக அவர்கள் அமர்த்திய ஆல்ஃபிரட் பார் என்பவருக்கு அப்போது வயது 27. லில்லி பிளிஸின் பெயரைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே மறுபடி வருவார்.

முதல் வேலை, நீங்கள் பார்க்க நினைக்கும் படம் நாளைக்குச் சுவரில் இருக்கிறதா என்று பார்ப்பது. மோமாவின் இணையதளத்தில் ஒவ்வொரு படத்துக்கும் தனிப் பக்கம் உண்டு. படம் காட்சியில் இருந்தால் எந்த மாடி, எந்த அறை எண் என்று அங்கேயே போட்டிருக்கும். இது வீண் வேலை என்று நினைக்காதீர்கள். அறைகளை அடிக்கடி மாற்றி அடுக்குகிறார்கள், படங்களை வெளியே இரவலும் கொடுக்கிறார்கள். 2023 கோடையில் ‘நட்சத்திர இரவு’ மூன்று மாதம் மோமாவில் இல்லை. அதே ஊரில், ஐந்தாம் அவென்யூவில் இருக்கும் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில், வான்கோவின் சைப்ரஸ் மரங்கள் பற்றிய கண்காட்சிக்குப் போயிருந்தது. அதற்காகவே அந்தக் கோடையில் மோமாவுக்கு வந்தவர்கள் முப்பது தெரு வடக்கே போயிருக்க வேண்டும்.

இரண்டாவது, டிக்கெட். நான் இதை எழுதும்போது பெரியவர்களுக்கு 30 டாலர், 65 வயதானவர்களுக்கு 22, மாணவர்களுக்கு 17. 16 வயது வரை இலவசம். விலை மாறும், ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். இணையத்திலேயே நேரம் குறித்து வாங்கிவிடுவது நல்லது. காலை பத்தரைக்குத் திறந்து மாலை ஐந்தரைக்கு மூடுவார்கள். வெள்ளிக்கிழமை மட்டும் இரவு எட்டரை வரை. வெள்ளி மாலை இலவசம் என்று யாராவது சொன்னால் அவசரப்பட்டு நம்பிவிடாதீர்கள். அந்தச் சலுகை நியூயார்க் மாநிலத்தில் குடியிருப்பவர்களுக்கு. ஆற்றுக்கு இந்தப் பக்கம் இருக்கும் நமக்குக் கிடையாது. கிடைத்தாலும் நான் போக மாட்டேன், கூட்டம் அப்படி இருக்கும்.

மூன்றாவது, வீட்டிலேயே செய்யும் ஒரு வேலை. இதை யாரும் சொல்லித் தரவில்லை, நானே கண்டுபிடித்தது. ஒரு ஏ4 தாள், ஒரு புடவை, ஒரு அளவு டேப். டாலியின் உருகும் கடிகாரப் படம் 24 சென்டிமீட்டர் உயரம், 33 அகலம். ஏ4 தாளைப் படுக்கவைத்ததைவிட ஓரிரு விரல்கடை பெரியது, அவ்வளவுதான். பொல்லாக்கின் ‘ஒன்று: எண் 31’ 5.3 மீட்டர் நீளம். அம்மாவின் புடவையைக் கூடத்தில் நீளவாக்கில் விரித்தால் ஏறக்குறைய அந்த நீளம் வந்துவிடும். மோனேயின் ‘நீர் அல்லிகள்’ 12.76 மீட்டர். இரண்டு புடவைகளை முனையோடு முனை வைத்தாலும் போதாது, இன்னொரு முந்தானை வேண்டும். எங்கள் வீட்டுக் கூடத்தில் இரண்டாவது புடவைக்கே இடம் இல்லை. அப்பா வாசல்வரை போய்ப் பார்த்துவிட்டு, “இவ்ளோ பெரிசா?” என்றார். படத்தைப் பார்ப்பதற்கு முந்தைய இரவே அவருக்கு அது பாதி புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

போய்ச் சேர்வது

எடிசன் பக்கம் இருப்பவர்கள் நியூ ஜெர்சி டிரான்சிட் ரயிலில் நியூயார்க் பென் ஸ்டேஷன் போய், அங்கே ‘ஈ’ என்ற எழுத்துப் போட்ட சப்வே ரயிலில் ஏறுங்கள். நான்காவது நிறுத்தம் ஐந்தாம் அவென்யூ–53ஆம் தெரு. மேலே ஏறி வந்தால் மேற்கு 53ஆம் தெரு 11ஆம் எண் சில நிமிட நடை. காரை எடுத்துக்கொண்டு போக வேண்டாம். அந்தத் தெருவில் பார்க்கிங்குக்குக் கொடுக்கும் காசுக்கு இன்னொருவருக்கு டிக்கெட் வாங்கிவிடலாம்.

பெரிய பையைக் கொண்டுபோகாதீர்கள். கோட்டையும் பையையும் வாங்கி வைத்துக்கொள்ளும் இடம் இருக்கிறது, பெட்டியைத் தள்ளிக்கொண்டு வந்தால் வாங்க மாட்டார்கள். செல்ஃபி குச்சிக்கும் ஃபிளாஷுக்கும் அனுமதி இல்லை, சும்மா போனில் படம் எடுக்கலாம். முழங்கால் வலி உள்ளவர்களுக்குச் சக்கர நாற்காலி இலவசமாகத் தருவார்கள். “எனக்கு எதுக்கு” என்று அப்பா முறைப்பார். இரண்டாம் மணி நேரத்தில் அவரே கேட்பார். ஹெட்போன் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். புளூம்பெர்க் கனெக்ட்ஸ் என்ற இலவச செயலியில் படங்களுக்கான விளக்கங்களைக் கேட்கலாம்.

உள்ளே போனதும் எதையும் பார்க்காமல் நேரே லிஃப்ட் பிடித்து ஐந்தாம் மாடிக்குப் போய்விடுங்கள். 1880களிலிருந்து 1940கள் வரை அங்கே. அடுத்து நான்காம் மாடி, 1970கள் வரை. இரண்டாம் மாடி இன்றைய காலம். அதை இந்தத் தடவை விட்டுவிடலாம். மேலிருந்து கீழே வருவதில் வரலாறும் வரிசையாக வரும், எஸ்கலேட்டரும் இறங்குமுகமாகவே இருக்கும்.

எப்படி நிற்பது

எந்தப் படமானாலும் மூன்று இடத்தில் நில்லுங்கள். முதலில் அறையின் எதிர்ச்சுவர் ஓரம். அப்புறம் படம் கண்ணுக்குள் முழுதாக அடங்கும் தூரம். கடைசியில் காவலர் சத்தம் போடாத அளவுக்கு எவ்வளவு கிட்டே போக முடியுமோ அவ்வளவு கிட்டே. விரலை நீட்டிக் காட்டாதீர்கள். நான் ஒரு தடவை நீட்டினேன், அறையில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்க்கும்படி ஒரு குரல் வந்தது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டால் வம்பில்லை, கோயிலில் பிரகாரம் சுற்றுகிற தாத்தாக்களைப் போல.

இதை ‘நட்சத்திர இரவு’ முன்னால் பழகிக்கொள்ளலாம். அந்த அறையை யாரிடமும் கேட்க வேண்டியதில்லை, போனைத் தூக்கிப் பிடித்த கூட்டம் காட்டிக்கொடுக்கும். படம் 74 சென்டிமீட்டருக்கு 92; செய்தித்தாளை விரித்துப் பிடித்தால் வரும் அளவைவிடக் கொஞ்சம் பெரியது. தூரத்திலிருந்து பார்த்தால் நீலமும் மஞ்சளும் சுழல்வதுதான் தெரியும். நடுத் தூரத்தில் கிராமம், தேவாலயக் கோபுரம், இடது பக்கம் தீ நாக்கு மாதிரி எழும் சைப்ரஸ் மரம். மரத்துக்குப் பக்கத்தில், சற்று வலப்புறம், வெள்ளையாக ஒளிரும் பெரிய நட்சத்திரம் இருக்கிறதே, அது வெள்ளிக் கிரகம். நம் விடிவெள்ளி. 1889 ஜூனில் தெற்கு பிரான்சில் சென்ட் ரெமி என்ற ஊரில் மனநலக் காப்பகத்தில் இருந்தபோது, விடிவதற்கு வெகுநேரம் முன்பே ஜன்னல் வழியாக விடிவெள்ளியைப் பார்த்ததாகத் தம்பி தியோவுக்கு வான்கோ எழுதியிருக்கிறார். ஆனால் படத்தைத் தீட்டியது பகலில், கீழே இருந்த வேறொரு அறையில், நினைவிலிருந்து. கிராமம் அந்த ஜன்னலிலிருந்து தெரியவே தெரியாது; அது அவர் சேர்த்தது.

இப்போது கிட்டே போங்கள். முன்னால் கண்ணாடி இருக்கிறது, அதனால் சற்றுப் பக்கவாட்டில் நின்றால் நன்றாகத் தெரியும். வானம் தட்டையாக இல்லை. சுவர்ப் பூச்சு மாதிரி வண்ணம் மேடாக நிற்கிறது, ஒவ்வொரு தீற்றலுக்கும் கரை இருக்கிறது, கரைக்குப் பக்கத்தில் குட்டி நிழல்கூட விழுகிறது. இரண்டு தீற்றலுக்கு நடுவே சில இடங்களில் வண்ணம் மெலிந்து துணியே எட்டிப் பார்க்கும். அவ்வளவு வேகம். காலண்டரில் இல்லாதது இதுதான். இரண்டாவது முறை அம்மாவைக் கிட்டே கூட்டிப்போய் நிறுத்தியபோது நான் ஒன்றும் சொல்லவில்லை. அவரே கழுத்தைச் சாய்த்துப் பார்த்து, “மண்ணு குழைச்ச மாதிரில்ல இருக்கு” என்றார்.

வான்கோவுக்கு இந்தப் படத்தின் மேல் பெரிய மதிப்பு இருந்ததாகத் தெரியவில்லை. தம்பிக்கு ஒரு கட்டுப் படங்கள் அனுப்பியபோது, தபால் செலவைக் குறைக்க முதலில் ஒதுக்கிவைத்தவற்றில் இதுவும் ஒன்று.

பக்கத்தில் உள்ள குறிப்பட்டையையும் பாருங்கள். தலைப்பு, ஆண்டு, எண்ணெய் வண்ணமா வேறா என்பதெல்லாம் சரி, கடைசி வரியில்தான் சுவை இருக்கிறது. லில்லி பிளிஸின் உயில் கொடை மூலம், ‘பரிமாற்றத்தில்’ பெற்றது என்று போட்டிருக்கும். லில்லி பிளிஸிடம் இந்தப் படம் ஒருபோதும் இருந்ததில்லை. 1931இல் அவர் இறந்தபோது தன் சேகரிப்பை மோமாவுக்கு எழுதிவைத்தார். அந்தப் படங்களில் சிலவற்றைக் கொடுத்து மோமா வேறு படங்கள் வாங்கியது. அப்படி 1941இல் வந்ததுதான் ‘நட்சத்திர இரவு’. இணையதளத்தில் இந்தப் படத்தின் எண் 472.1941 என்று இருக்கும். புள்ளிக்குப் பின்னால் வருவது அருங்காட்சியகத்துக்கு வந்த ஆண்டு. இது தெரிந்துவிட்டால் ஒவ்வொரு படமும் எப்போது வந்து சேர்ந்தது என்று நீங்களே படித்துக்கொள்ளலாம்.

ஐந்தாம் மாடியில் இன்னும் நான்கு

பிக்காசோவின் ‘அவின்யோன் பெண்கள்’, 1907. இதுவும் பிளிஸ் கொடையால் 1939இல் வந்ததுதான். எட்டடிக்கு எட்டடி என்று சொல்லலாம், வாசற்கதவைவிட உயரம். ஐந்து பெண்கள், எல்லோரும் நிர்வாணம், இடம் பார்சிலோனாவின் ஒரு விலைமாதர் விடுதி. மாமனாரோடு போகிறவர்களுக்குக் கொஞ்சம் நெளிவு வரும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். கோயில் தூண்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் சமாளித்துக்கொள்ளலாம். பார்க்க வேண்டியது முகங்களை. நடுவில் இருக்கும் இருவருக்கும் வலப்பக்கம் இருக்கும் இருவருக்கும் முகம் ஒரே கையால் வரைந்த மாதிரியே இல்லை. பாரிஸில் ஓர் அருங்காட்சியகத்தில் ஆப்பிரிக்க முகமூடிகளைப் பார்த்த பிறகு பிக்காசோ வலப்பக்கத்து முகங்களை மாற்றினார். பழைய முறையும் புதிய முறையும் ஒரே துணியில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன, ஒட்டவைக்க அவர் முயலவும் இல்லை. நண்பர்களே மிரண்டார்கள், 1916 வரை பொதுக் கண்காட்சி எதிலும் வைக்கவில்லை.

மத்தீஸின் ‘நடனம்’, 1909. நீலம், பச்சை, உடல் நிறம், அவ்வளவுதான் வண்ணம். ஷ்சூகின் என்ற ரஷ்ய வணிகருக்காக வரைய இருந்த படத்துக்கு இது முழு அளவு ஒத்திகை. சிவப்பு உடல்களோடு முடித்த படம் சென்ட் பீட்டர்ஸ்பர்க் ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கும்மி மாதிரி வட்டமாக ஐந்து பேர். முன்பக்கம் இரண்டு கைகள் மட்டும் கோத்துக்கொள்ளவில்லை, நடுவில் ஒரு சாண் இடைவெளி. அதை ஒருமுறை பார்த்துவிட்டால் கண் வேறெங்கும் போகாது.

டாலியின் ‘நினைவின் நிலைபேறு’, 1931. தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். சுவரில் ஏதோ சின்னதாக மாட்டியிருக்கிறதே என்று தாண்டிப் போய்விடுவார்கள், அப்புறம் திரும்பி வருவார்கள். “இவ்வளவுதானா?” என்று கேட்காத ஒருவரை நான் இன்னும் பார்க்கவில்லை. நீங்கள் முந்தைய நாள் ஏ4 தாளைப் பிடித்துப் பார்த்திருந்தால் ஏமாற மாட்டீர்கள். இங்கே தூரத்தில் நிற்பதில் பயனில்லை, வரிசையில் காத்திருந்து கிட்டே போங்கள். உருகாத ஒரே கடிகாரம் இடது கீழ்ப்பக்கம், ஆரஞ்சு நிறத்தில், முதுகு காட்டிக் கிடக்கிறது. அதன்மேல் எறும்புகள் மொய்க்கின்றன. பக்கத்துக் கடிகாரத்தில் ஒரு ஈ. தீற்றலே தெரியாது, வான்கோவுக்கு நேர் எதிர். இந்த வழவழப்பால்தான் நடக்காத காரியம் நடந்த மாதிரி இருக்கிறது.

அப்புறம் மோனே. இங்கே நான் அதிக நேரம் கேட்கிறேன், குறைந்தது பதினைந்து நிமிடம். மூன்று பெரிய துணிகள் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே குளம். கரை கிடையாது, தொடுவானம் கிடையாது. தண்ணீர், அதில் விழுந்த மேகம், அதன்மேல் அல்லி. எங்கே மேகம் முடிந்து எங்கே இலை தொடங்குகிறது என்று சொல்ல முடியாது. பிரான்சின் ஜிவெர்னியில் தன் தோட்டத்துக் குளத்தை வைத்து 1914இலிருந்து 1926இல் இறக்கும்வரை இந்த வரிசையைத் தீட்டிக்கொண்டே இருந்தார். நடுவில் இரண்டு கண்ணிலும் புரை; 1923இல் அறுவை சிகிச்சை. கிட்டே போனால் அல்லி காணாமல் போய்விடும், இழுவிய வண்ணம்தான் மிஞ்சும். பின்னால் வரவர மறுபடி பூக்கும். முன்னும் பின்னும் இரண்டு மூன்று தடவை நடந்து பாருங்கள், யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள், எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள்.

இந்தப் படம் இங்கே வந்ததற்குப் பின்னால் ஒரு தீ விபத்து இருக்கிறது. 1955இல் மோமா வாங்கியது வேறொரு பெரிய ‘நீர் அல்லிகள்’. 1958 ஏப்ரலில், கட்டடத்தில் ஏர்கண்டிஷன் வேலை நடந்தபோது தீப்பிடித்து அந்தப் படம் அழிந்தது; வேலையாள் ஒருவர் உயிரும் போனது. மறு ஆண்டு அதற்கு ஈடாக வாங்கியதுதான் இந்த மூன்று துணிகள். என் அப்பா இதன் எதிரே பெஞ்சில் உட்கார்ந்து அரை மணி நேரம் தூங்கினார். எழுப்பவில்லை. அருங்காட்சியகத்தில் இதைவிட நல்ல இடம் தூங்குவதற்குக் கிடைக்காது.

நான்காம் மாடி

இங்கேதான் வீட்டுப் பெரியவர்கள் சிரிக்க ஆரம்பிப்பார்கள். சிரிக்கட்டும்.

ஜாக்சன் பொல்லாக், ‘ஒன்று: எண் 31’, 1950. புடவை நீளம் என்று சொன்னேனே, அதுதான். முதல் பார்வைக்குச் சுண்ணாம்பு அடித்தவர் கீழே விரித்த படுதா மாதிரி இருக்கும். லாங் ஐலண்டில் ஸ்பிரிங்ஸ் என்ற ஊரில் ஒரு பழைய கொட்டகையில், துணியைத் தரையில் விரித்து, சுற்றிச் சுற்றி நடந்து, குச்சியாலும் காய்ந்துபோன தூரிகையாலும் எனாமல் பெயின்ட்டை மேலிருந்து ஊற்றியும் சொட்டவிட்டும் உருவாக்கியது. தூரிகை துணியைத் தொடுவதில்லை.

இதை அம்மாவுக்கு எப்படி விளக்குவது என்று நான் செயலியைத் தேடிக்கொண்டிருந்தபோது அவர் ஏற்கெனவே கிட்டே போய்விட்டார். ஒரு கறுப்புக் கோட்டைக் கண்ணாலேயே பின்தொடர்ந்துகொண்டே போனார். “இங்க கை வேகமா போயிருக்கு, நூலா விழுந்திருக்கு. இங்க நின்னுருக்கான், திட்டா விழுந்துருச்சு” என்றார். நாற்பது வருடம் வாசலில் கோலம் போட்ட கை. விரல் தரையைத் தொடாமல் மாவை விழவிடுவதும், கை போகும் வேகத்துக்கு ஏற்பக் கோடு தடிப்பதும் மெலிவதும் அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அதற்குப் பிறகு அந்தக் கோட்டை விட்டுவிட்டு அடுத்த கோட்டைப் பிடித்தார். நீங்களும் அப்படியே செய்யுங்கள்: ஒரு நிறத்தின் ஒரே ஒரு கோட்டை எடுத்து, அது எதன்மேல் ஏறுகிறது, எதற்குக் கீழே போய் மறைகிறது என்று பாருங்கள். படம் அடுக்கடுக்காகப் பிரிந்து நிற்கும்.

பொல்லாக்கின் 1947ஆம் ஆண்டுப் படம் ஒன்றும் மோமாவிடம் இருக்கிறது, ‘ஐந்து பாகம் ஆழத்தில்’ (பாகம் என்பது கடலாழ அளவு). காட்சியில் இருந்தால் விடாதீர்கள். பெயின்ட்டுக்குள் ஆணி, பொத்தான், நாணயம், தீக்குச்சி, சிகரெட், ஒரு சாவி எல்லாம் ஒட்டிக் கிடக்கும். குழந்தைகளோடு போனால் சாவியை முதலில் கண்டுபிடிப்பவருக்கு ஐஸ்கிரீம் என்று பந்தயம் கட்டுங்கள், பத்து நிமிடம் அசைய மாட்டார்கள்.

பார்னெட் நியூமனின் பெரிய சிவப்புப் படம் இங்கே இரண்டாவது. லத்தீனில் பெயர்: ‘வீர் ஹிரோய்க்கஸ் சப்லீமிஸ்’. ஐந்தரை மீட்டர் சிவப்பு, அதில் செங்குத்தாக ஐந்து மெல்லிய கோடுகள். நான் சொன்ன மூன்று இடத்து முறை இங்கே செல்லாது. பெரிய படங்களைத் தூரத்திலிருந்தே பார்க்கும் பழக்கம் இருக்கிறது, இவை கிட்டே நின்று பார்ப்பதற்கானவை என்று 1951 கண்காட்சியில் நியூமனே அறிவிப்பு ஒட்டினார். அதனால் நேரே முன்னால் போய், இரண்டு பக்கமும் ஓரம் தெரியாத இடத்தில் நில்லுங்கள். ஒரு நிமிடம் நின்றால் சிவப்பு மேலே வந்து கவிகிற மாதிரி இருக்கும். எனக்கு அப்படி இருந்தது. அப்பாவுக்கு ஒன்றும் இல்லை.

“இத என் பேரனே வரைவானே” என்றார். இந்த வாக்கியம் அந்தக் கட்டடத்தில் எல்லா மொழிகளிலும் தினமும் ஒலிக்கும் என்று நினைக்கிறேன். வெட்கப்படாமல் சொல்லுங்கள். மறுத்து வாதாடுகிறவர்களைவிட, சொன்ன பிறகும் இன்னும் இரண்டு நிமிடம் அங்கேயே நிற்கிறவர்களுக்குத்தான் ஏதாவது கிடைக்கிறது. நின்ற பிறகும் பிடிக்கவில்லையா, சரி, நகர்ந்துவிடலாம். மலேவிச் என்ற ஓவியர் 1918இல் வெள்ளைமேல் வெள்ளைச் சதுரம் வரைந்ததை ஐந்தாம் மாடியில் பார்த்தால் இதே கேள்வி வரும். அங்கே இரண்டு வெள்ளையில் எது சற்று நீலம், எது சற்று மஞ்சள் என்று மட்டும் தேடுங்கள்.

எட்டாவது, வார்ஹாலின் கேம்ப்பெல் சூப் டப்பாக்கள், 1962. முப்பத்திரண்டு துணிகள், ஒவ்வொன்றிலும் ஒரு டப்பா. அப்போது அந்தக் கம்பெனி விற்ற சுவைகள் முப்பத்திரண்டு. லாஸ் ஏஞ்சலஸில் முதலில் காட்டியபோது மளிகைக் கடை மாதிரி பலகையில் வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். ஒன்று 100 டாலர். சில விற்ற பிறகுதான் கேலரிக்காரர் இர்விங் பிளமுக்கு இவை பிரியக்கூடாது என்று தோன்றியது. விற்றவற்றையும் திரும்பக் கேட்டு வாங்கி, முழுத் தொகுப்பையும் 1,000 டாலருக்குத் தவணையில் தானே வைத்துக்கொண்டார். அச்சு என்று நினைப்பீர்கள், கையால் தீட்டியவை. டப்பாவின் கீழ் விளிம்பில் வரிசையாக இருக்கும் பூக்குறிகளைக் கிட்டே போய்ப் பாருங்கள். முத்திரை குத்தியது, ஒரு டப்பாவில் இருப்பதுபோல் இன்னொன்றில் இருக்காது.

கணக்கில் சேராத ஒன்று: ஆண்ட்ரூ வையத்தின் ‘கிறிஸ்டினாவின் உலகம்’, 1948. இதைப் பெரும்பாலும் பெரிய அறைகளுக்கு வெளியே, நடைவழியில் மாட்டியிருப்பார்கள். புல்வெளியில் ஒரு பெண் தரையில் சாய்ந்தபடி தூரத்து வீட்டைப் பார்க்கிறாள். அவளால் நடக்க முடியாது, கையை ஊன்றி நகர்ந்தே எங்கும் போவாள் என்பது தெரிந்த பிறகு அந்த வீடு இன்னும் தள்ளிப் போய்விடும். முட்டை மஞ்சள் கருவில் குழைத்த வண்ணம். புல்லை ஒவ்வொன்றாக வரைந்திருக்கிறார். அன்று அம்மா அதிக நேரம் நின்றது இதற்கு முன்னால்தான். போனில் படம் எடுத்துத் தரச் சொன்னதும் இது ஒன்றை மட்டும்.

சாப்பாடும் தோட்டமும்

உள்ளே இருக்கும் உணவகத்தில் விலை மியூசியம் விலைதான். வெளியே வந்து 53ஆம் தெருவும் ஆறாம் அவென்யூவும் சேரும் மூலைக்குப் போனால் ஹலால் தள்ளுவண்டிகள் நிற்கும்; கறி சாப்பிடாதவர்களுக்கு ஃபலாஃபல் கிடைக்கும். சாப்பிட்டுவிட்டுத் திரும்ப உள்ளே வர நினைத்தால், வெளியேறும் முன் வாசலில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

மழை விட்டிருந்தால் கீழே சிற்பத் தோட்டத்தில் கொஞ்சம் உட்காரலாம். பிக்காசோவின் வெண்கல ஆடு ஒன்று இருக்கிறது. வார்ப்பதற்கு முன் செய்த மூலத்தில் அதன் வயிறு ஒரு பழைய பிரம்புக் கூடை.

இங்கே தேடாதீர்கள்

இதைக் கடைசியில் சொல்கிறேன், ஆனால் நீங்கள் முதலில் படித்திருக்க வேண்டும். பிக்காசோவின் ‘கெர்னிகா’ இங்கே இல்லை. பல ஆண்டுகள் இங்கேதான் இருந்தது. ஸ்பெயினில் ஜனநாயகம் திரும்பும்வரை அங்கே போகக்கூடாது என்பது பிக்காசோவின் விருப்பம். 1981இல் திரும்பிப் போய், இப்போது மாட்ரிட் ரெய்னா சோஃபியா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மூங்க்கின் ‘அலறல்’ பார்க்க ஆஸ்லோ போக வேண்டும், கிளிம்ட்டின் ‘முத்தம்’ வியன்னா பெல்வெடர் அருங்காட்சியகத்தில். வான்கோவின் சூரியகாந்திகளில் பேர்பெற்றவை லண்டன் நேஷனல் கேலரி, ஆம்ஸ்டர்டாம் வான்கோ அருங்காட்சியகம் என்று சிதறிக் கிடக்கின்றன. ஹாப்பரின் ‘இரவுப் பறவைகள்’ சிகாகோவில். கிளிம்ட் தங்க நிறத்தில் வரைந்த அடேல் என்ற பெண்ணின் படம் மட்டும் இதே ஊரில், ஐந்தாம் அவென்யூ 86ஆம் தெருவில் நோயே கேலரியில் இருக்கிறது. இன்னொரு ஞாயிற்றுக்கிழமை மழை பெய்தால் அங்கே போகலாம். மோனலிசாவை என் மாமா தேடினார். அது பாரிஸில், மேலும் இந்தக் காலத்துப் படமே இல்லை.

வெளியே வந்ததும் எதிர்ப்பக்கம் அவர்களுடைய கடை இருக்கிறது. அப்பா அங்கே டாலியின் கடிகாரப் படத்துக்கு ஒரு போஸ்டர் வாங்கினார். எங்கள் வீட்டு மாடிப்படியில் அது தொங்குகிறது, அசலைப்போல் இரண்டு மடங்கு அளவில். வருகிறவர்களிடமெல்லாம் ஏ4 தாளை எடுத்துக் காட்டி, “நெசமா இவ்ளோதாங்க” என்கிறார்.